வழுக்கையாற்றங்கரையில் ஒரு வகுப்பு

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை. ஏன்?"

எட்டாம் வகுப்பில் இவ்வினாவை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றேன். கேட்டு முடியுமுன்னரே இருபது கைகள் உயர்ந்துவிடும். விடையும் ஆண்டுதோறும் ஒன்றேதான். "சுண்ணாம்புக்கல் நிலம், சேர். மழைநீர் கீழே வடிந்துவிடும். மேலே ஓடாது." மூச்சு விடாமல் ஒப்புவித்துவிட்டு மாணவி அமர்வாள், நானும் மனநிறைவோடு கரும்பலகையின் பக்கம் திரும்பிவிடுவேன்.

2022ஆம் ஆண்டில் ஒரு நாள் மட்டும் அவ்வாறு திரும்ப முடியவில்லை. பின்வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன், அதிகம் வாய்திறவாதவன், மெல்ல எழுந்து நின்றான். "அப்ப எங்கட வீட்டுக்குப் பின்னாலை மாரியிலை ஓடுறது என்ன, சேர்?" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன். அவனது வீடு சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் இருக்கின்றது. அவன் கேட்டது வழுக்கையாற்றைப் பற்றி.

சிரித்த எனக்கு அந்த ஆறு தெரியாததன்று. அதன் கரையிலேதான் எங்கள் வயற்காணி கிடக்கின்றது. சிறுவயதில் அதில் விரால் பிடித்தவன் நான். ஆயினும் கரும்பலகையின் முன் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. பாடப்புத்தகத்து நிலம் வேறு, கால் மிதித்த நிலம் வேறு என்று என் மனத்திலும் எங்கோ ஒரு மதில் எழுந்துவிட்டது போலும். நாம் சிலப்பதிகாரத்துக் காவிரியை அறிவோம். பரிபாடலின் வையையைப் போற்றுவோம். தேர்விலே மகாவலியின் நீளத்தைப் பிழையின்றி எழுதுவோம். வீட்டுக்குப் பின்னால் ஓடுவதை மட்டும் 'வெள்ளவாய்க்கால்' என்று சொல்லி விட்டுவிடுவோம்.

வழுக்கையாறு என்றும் வழுக்கியாறு என்றும் இருவகையாகவும் வழங்கும் இந்த ஆறு, தெல்லிப்பழைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தொடங்குகின்றது. தென்மேற்காக இறங்கிக் கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் புறத்தே சென்று, அராலியருகே யாழ்ப்பாணக் கடனீரேரியிற் கலக்கின்றது. மொத்த நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். பிற நாட்டார் இதனை ஓடை என்று சொல்லவும் தயங்குவர். ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மாடு மேயும். எனினும், நெல் வயல்களையும் குளங்களையும் கோத்துக்கொண்டு, மழைநீரை வடித்தும் தேக்கியும் ஊறவைத்தும் செல்லும் இதனை ஆறு என்று ஊரார் அழைத்தது அறியாமையால் அன்று. புவியியல் அறிஞராகவும் விளங்கிய செங்கை ஆழியான் தம் நாவல் ஒன்றுக்கு 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' என்று பெயரிட்டார். தலைப்பைக் கேட்டு நகைப்பவர்கள் அந்த ஆற்றைப் பற்றி ஒரு நாவலே எழுதமுடிந்தது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அந்தச் சிறுவனுக்கு நான் கடன்பட்டவனானேன். வகுப்பு முழுவதையும் ஆற்றுக்கு அழைத்துச் செல்வது, அதுவும் ஒரு முறையன்று, பருவந்தோறும் செல்வது என்று முடிவுசெய்தேன். அதிபர் தயங்கினார். "ஒரு பிள்ளை தவறி விழுந்தால்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே. பெற்றோரின் ஒப்புதற் கடிதம், இரண்டு உதவி ஆசிரியர்கள், நீளக் கயிறு, முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் மாணவர் இறங்கலாகாது என்னும் விதி ஆகிய இவ்வளவையும் எழுத்திற் கொடுத்த பின்னரே இசைந்தார். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொப்பி. அதன் பக்கங்களில் இடம், திகதி, அகலம், ஆழம், கண்டது என்று நிரல்கள் இட்டோம். இறுதி நிரலுக்குக் 'காரணம்' என்று பெயர். அந்த நிரலை வெறுமையாக விடலாம். ஆனால் ஊகத்தை உண்மைபோல் எழுதக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

முதற் பயணம் ஆவணி மாதத்து வெயிலில். ஆறு வறண்டு, வெடித்த களியும் கோரைப்புல்லுமாய்க் கிடந்தது. "தண்ணியில்லாத ஆற்றில் என்ன படிக்கிறது, சேர்?" என்றார்கள். ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று கண்டுபிடியுங்கள் என்றேன். வகுப்பு இரண்டாகப் பிளந்தது. கண்ணுக்குத் தரை சமமாகவே தோன்றியது. மேசன் வேலை செய்யும் தந்தையிடமிருந்து ஒரு மாணவி நீர்மட்டம் பார்க்கும் குழாயை இரவல் வாங்கி வந்திருந்தாள். ஒளிபுகும் நீண்ட குழாயில் நீர் நிரப்பி இரு முனையையும் உயர்த்திப் பிடித்தால், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து தரையை அளந்தால் எது தாழ்வு என்று தெரியும். மேசன்மார் நாள்தோறும் செய்வது இது. குழாயை நகர்த்தி நகர்த்தி நூறு மீற்றர் தூரத்தை அளந்தபோது கிடைத்த இறக்கம் நான்கு விரற்கடைக்கும் குறைவு. இவ்வளவு சிறு சரிவில் நீர் விரைந்தோடாது; தயங்கித் தயங்கியே செல்லும். தயங்குவதால் நிலத்தில் ஊறும். அந்த நான்கு விரற்கடையில் எங்கள் கிணறுகளின் வாழ்வு இருக்கின்றது என்பதை அன்று நான் சொல்லவில்லை. அவர்களே காணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று செய்த இன்னொரு சோதனை மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கரையிற் கிடந்த வெண்கல்லைப் பொடித்து, அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தோம். நுரைத்துப் பொங்கியது. மயோசின் காலத்தில் ஆழங்குறைந்த கடலின் அடியிற் படிந்த கல்சியங் காபனேற்று அது. அமிலம் பட்டதும் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. மழைநீரும் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கல்லை அரிக்கின்றது. தேசிக்காய் ஒரு நொடியிற் செய்வதை மழை ஊழிக்கணக்கிற் செய்கின்றது. வெடிப்புகள் துவாரங்களாகின்றன, துவாரங்கள் குகைகளாகின்றன. புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இந்த வேலையின் சாட்சிகள். 'சுண்ணாம்புக்கல் நிலம், சேர்' என்று ஆண்டுதோறும் ஒப்புவித்த வாய்கள் அன்று திறந்தபடியே நின்றன.

இரண்டாம் பயணம் கார்த்திகையில். குடாநாட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஐப்பசி தொட்டு மார்கழி வரையுள்ள சில வாரங்களிலேயே கொட்டிவிடுகின்றது. மூன்று நாள் மழைக்குப் பின் நாங்கள் சென்றபோது மாடு மேய்ந்த இடத்தில் மண்ணிறத்து நீர் நிறைந்து சென்றது. மாணவர் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே வேளையிற் பேசினார்கள்.

ஓட்டத்தை அளக்க நாங்கள் எடுத்த கருவியும் தேசிக்காயே. பாதிக்கு மேல் நீருள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதனை அதிகம் தள்ளாது. கைவிட்டுப் போனாலும் ஆற்றுக்குத் தீங்கில்லை. கரையோரம் பத்து மீற்றருக்குக் கயிறு பிடித்து, மேல்முனையிற் போட்ட காய் கீழ்முனையை எத்தனை செக்கனில் கடக்கின்றது என்று பார்த்தோம். ஐந்து முறை போட்டுச் சராசரி கண்டபோது 25 செக்கன் வந்தது. ஆகவே செக்கனுக்கு 0.4 மீற்றர். மேற்பரப்பு நீர் அடிநீரிலும் விரைவாகச் செல்வதால் அதனை 0.85ஆற் பெருக்கி, பிறகு அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்க வேண்டும். கணிதத்தை வெறுப்பதாக நாள்தோறும் முறையிடும் மாணவன் ஒருவன் கரையில் குந்தியிருந்து இந்தப் பெருக்கலைச் செய்து முடித்துவிட்டு, "செக்கனுக்கு எழுநூறு இலீற்றருக்குக் கிட்ட, சேர்! எங்கட தண்ணித் தாங்கி ஒண்டரைச் செக்கனிலை நிரம்பிடும்!" என்று கத்தினான். அவர்கள் வீட்டுத் தாங்கி ஆயிரம் இலீற்றர் கொள்ளும். பாடசாலையில் அவன் வாயிலிருந்து இவ்வளவு உற்சாகமான ஒரு வாக்கியத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு அகலத்தை அளந்துகொண்டு ஆற்றோரமாக நடந்தோம். கயிறு பிடித்த இடங்களிலெல்லாம் ஏழு மீற்றர், ஏழரை மீற்றர் என்று வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் 4.6 மீற்றர் என்றார்கள். பிழையாக இருக்கும், மறுபடி அளவுங்கள் என்றேன். மறுபடியும் 4.6. அந்த இடத்தில் நீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. அதற்கு மேற்பக்கத்தில் நீர் வயல்களின் மேலேறித் தேங்கியிருந்தது. "சேர், இந்த இடத்திலை ஆறு ஏன் ஒடுங்குது?" என்று அந்தப் பின்வாங்குச் சிறுவன் கேட்டான். அவனது வீடு அந்தத் தேக்கத்தின் மறுகரையில் இருந்தது. மாரிதோறும் தங்கள் கோடிப்புறத்தில் வெள்ளம் ஏறுவதாகவும், 2020 மார்கழியில் புரேவிப் புயலோடு வந்த மழைக்கு அடுப்படிக்குள்ளேயே நீர் வந்துவிட்டதாகவும் அவன் கூறினான்.

ஆறு ஒடுங்கிய இடத்தின் கரையில் ஒரு சீமெந்து மதில் நின்றது. அது எங்கள் காணியின் மதில்.

யாழ்ப்பாணத்தில் வேலிக்கும் கால் உண்டு என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் எங்கள் காணிக்கு மதில் இல்லை. கிளுவைக் கதியாலும் பனைமட்டையும்தான். கதியால் நடும்போதெல்லாம் ஆற்றுப் பக்கத்தில் ஒரு சாண் வெளியே நடுவது வழக்கம். பக்கத்துக் காணிக்காரனின் எல்லையிற் கைவைத்தால் வழக்கு வரும். ஆறு வழக்குப் பேசாது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சிறுவனான நான். "இன்னும் கொஞ்சம் அங்காலை தள்ளிப் பிடி, தம்பி" என்ற ஐயாவின் குரல் இப்போதும் காதில் கேட்கின்றது. அவர் பிறர் பொருளுக்கு ஆசைப்படாத மனிதர்; ஆறு பிறர் பொருள் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பின் அண்ணரும் நானும் சேர்ந்து அந்தக் கதியால் நின்ற கோட்டிலேயே மதில் கட்டினோம். நடந்துகொண்டிருந்த வேலி அன்றோடு நின்றுவிட்டது. ஆறும் ஒடுங்கியபடியே நின்றுவிட்டது.

இதனை மாணவர்களுக்கு அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. "குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பார்ப்போம்" என்று கூறி நடையைக் கட்டினேன். அன்றிரவு அலுமாரியிலிருந்து காணி உறுதியையும் அதனோடிருந்த பழைய நில அளவைப் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே விடை தெரியும், ஆயினும் பார்த்தேன்.

மூன்றாம் பயணம் தை மாதத்தில். இம்முறை பேருந்தில் ஆற்றைத் தொடர்ந்து கடல் வரை சென்றோம். வழியிற் கந்தரோடையில் இறங்கினோம். 1917 தொடக்கம் 1919 வரை போல் பீரிசு அகழ்ந்து வெளிப்படுத்திய சிறு தூபிகளை மாணவர் முன்பும் பார்த்திருக்கின்றனர். 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கொண்ட மிகப் பழைய குடியிருப்பின் தடயங்கள் வெளிவந்தன. "ஏன் இந்த இடத்திலே வந்து குடியிருந்தார்கள்?" என்று கேட்டேன். வரலாற்றுப் பாடத்தில் இக்கேள்விக்கு மௌனமே விடையாக வரும். ஆற்றோரமாக நடந்து வந்தவர்கள் வயலைக் காட்டினார்கள், குளத்தைக் காட்டினார்கள். அன்றைய குடிகளின் மனத்தை நாம் அறியமாட்டோம். எனினும் அந்த விடை மோசமானதன்று.

அராலியில் உவர்நீர்த் தடுப்பணை இருக்கின்றது. உள்ளே ஆற்று நீர், வெளியே கடனீரேரி. இரு பக்கத்திலிருந்தும் போத்தலில் நீர் எடுத்து, ஆய்வுகூடத்திலிருந்து கபில நிறப் போத்தலிற் கொண்டுவந்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இரண்டு துளி விட்டேன். உள்நீர் இலேசாகக் கலங்கியது. வெளிநீர் பாலாகத் திரண்டது. கதவு ஒன்றுக்கு இப்பாலும் அப்பாலும் இத்தனை வேறுபாடா என்று போத்தல்களைக் கைக்குக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு கண்ணாடிச் சாடியில் நீலம் கரைத்த உப்புநீரை ஊற்றி, அதன்மேல் நன்னீரைக் கரண்டி வழியே மெல்ல வழியவிட்டோம். நன்னீர் மேலே தெளிவாக மிதந்தது. எங்கள் கிணறுகளின் இரகசியம் அந்தச் சாடிக்குள் இருக்கின்றது. குடாநாட்டின் அடியிற் பல இடங்களில் நன்னீர் ஒரு வில்லையைப்போல் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரிலும் நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது; ஆதலால் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன்கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி எழ முயலும். மேலே உள்ள அந்த ஓரடியைத் தருவது மாரி மழை ஊறும் நீர். மழை ஊறுவதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் தருவனவற்றில் ஒன்று நான்கு விரற்கடைச் சரிவில் தயங்கி நடக்கும் இந்த ஆறு. அதன் வழியை நெருக்கி, குளங்களைத் தூர்த்து, நெகிழிப் பைகளால் மதகை அடைத்தால் நீர் ஒருபுறம் வீட்டுக்குள் ஏறும். மறுபுறம் ஊறாமலே கடலுக்கு விரையும். பசளை அதிகம் இடும் தோட்டப் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கின்றது என்பது ஆய்வாளர் பலகாலமாகச் சொல்லிவரும் செய்தி. ஊறும் நீர் குறைந்தால் அந்த நஞ்சின் செறிவும் கூடும்.

அணையருகே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "மாஸ்ரர், பிள்ளையளுக்குக் கதவை முழுக்கப் பூட்ட வேணுமெண்டு மட்டும் படிப்பிச்சுப் போடாதையுங்கோ. நல்ல தண்ணி கொஞ்சமும் வராட்டில் பரவைக்கடலிலை இறால் இராது" என்றார். கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்று நான் அதுவரை கற்பித்து வந்தேன். அவர் சொன்னதையும் கொப்பியில் எழுதச் சொன்னேன்.

திரும்பும் வழியிற் பேருந்திலேயே அந்த மதிலைப் பற்றிச் சொன்னேன். கயிறு பிடித்ததையும் சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தச் சிறுவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது, "எங்கட அம்மாவுக்குச் சொல்லட்டே, சேர்?" என்று மட்டும் கேட்டான். சொல்லு என்றேன்.

காணி அண்ணருக்கும் எனக்குமாக இரண்டு பங்கு. அண்ணர் கனடாவில் இருக்கின்றார். அவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். அளந்த எண்களையும் பழைய படத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். தொலைபேசியில் மறுமொழி வந்தது: "ஐயா கட்டிக் காத்த காணி. அக்கரைக்காரர் முதலிலை தங்கட மதிலை இடிக்கட்டும், பிறகு பாப்பம்." அக்கரையில் மதில் இல்லை, கோரைதான் இருக்கின்றது என்று சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டது.

2023இன் கோடையில் என் பங்குக்குரிய மதிலை இடித்து, படத்தில் உள்ள எல்லைக்கு வேலியைப் பின்வாங்கினேன். கூலி போக, கல்லை விற்றதிற் சிறிது கிடைத்தது. உறவினர் சிலர் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். ஒருவர் மட்டும் இரவில் வந்து தம் காணிப் படத்தைக் காட்டி விளக்கம் கேட்டுப் போனார்.

அவ்வாண்டுக் கார்த்திகையில் புதிய எட்டாம் வகுப்போடு மீண்டும் சென்றேன். அந்தச் சிறுவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் வரவேண்டிய கடமை இல்லை. எனினும் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கத் தானே வந்துவிட்டான். அவர்கள் வீட்டுக் கோடியில் வெள்ளம் முன்னிலும் குறைவு, ஆனால் வராமல் இல்லை என்றான். மாலையிற் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். புதிய வகுப்பு மாணவி ஒருத்தியின் கொப்பியில் இவ்வாறு இருந்தது:

"மதில் இடித்த இடம்: அகலம் 6.9 மீற்றர். மதில் இடிக்காத இடம்: அகலம் 4.6 மீற்றர். காரணம்: சேரின் அண்ணர்."

ஊகத்தை உண்மைபோல் எழுதக்கூடாது என்னும் விதியை அவள் மீறவில்லை. சரியென்று கோடிட்டுக் கொடுத்தேன்.